ஒக்கலும் தலையும்: தென் திருவிதாங்கூர்ச் சுமைமுறை வரலாற்றில் ஒரு கூறு

தென் திருவிதாங்கூரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் தோள்சீலைக் கிளர்ச்சியை விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். சாமுவேல் மெட்டீர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தொடங்கி, சி. எம். ஆகூர் 1903ஆம் ஆண்டில் எழுதிய திருச்சபை வரலாறு, ராபர்ட் ஹார்டுகிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி 1969ஆம் ஆண்டில் எழுதிய நூல், ஆர். என். யேசுதாசு 1975ஆம் ஆண்டில் எழுதிய நூல் ஆகியவற்றில் அக்கிளர்ச்சியின் காரணங்களும் நிகழ்ச்சிகளும் அரசாணைகளும் இடம்பெற்றுள்ளன. பழைய ஆவணங்களில் சாணார் எனக் குறிக்கப்பெற்ற நாடார் சமூகத்தார்மீது அக்காலத்தில் சுமத்தப்பட்டிருந்த தடைகளின் பட்டியலும் இந்நூல்வழி நமக்குக் கிட்டுகின்றது. குடை பிடித்தல் ஆகாது. செருப்பு அணிதல் ஆகாது. பொன்னணி பூணுதல் ஆகாது. மாடி வைத்து வீடு கட்டுதல் ஆகாது. பசுவைக் கறத்தல் ஆகாது. பெண்டிர் மார்பை மறைத்தல் ஆகாது. அவர்கள் நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லுதலும் ஆகாது.

இப்பட்டியலில் இறுதியிற் கூறப்பட்ட தடையைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஒரு வரிக்குமேல் எழுதியதில்லை. ஏனைய தடைகளின் பொருள் வெளிப்படையானது. குடையும் செருப்பும் பொன்னும் மாடியும் செல்வத்தின் அறிகுறிகள். சீலை மதிப்பின் அறிகுறி. மண்குடமோ ஏழையின் பொருள். அதனை இடுப்பில் வைத்தால் என்ன, தலையில் வைத்தால் என்ன? இதனைத் தடுப்பதால் மேற்சாதியார்க்கு எய்திய பயன் யாது? இவ்வினாவை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே தென் திருவிதாங்கூர் என்றது, 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியை. அஃதாவது, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களாகிய நாஞ்சில் நாட்டையும், அதற்கு மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் ஆம்.

இடுப்புக்குடம் ஒருகைக்குரியது, தலைக்குடம் இருகைக்குரியது. இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால் தடையின் உட்பொருள் விளங்கும் என்பது என் கருத்து. அதனை நிறுவுவதற்கு முன், மக்கள் ஒரு பொருளை ஒரு கையால் எடுப்பதும் இரு கையால் எடுப்பதும் எவற்றால் முடிவாகின்றன என்பதனைச் சிறிது காணல் வேண்டும்.

இதனை உளவியலார் சோதனைகளால் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் ஜேம்சு கிப்சன் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொருள்களை நாம் வெறும் நீள அகலங்களாகக் காண்பதில்லை, நம் உடலால் அவற்றைக்கொண்டு என்ன செய்தல் கூடும் என்றே காண்கின்றோம் என்றார். இக்கருத்தை ஒட்டி வான் டெர் காம்ப் முதலியோர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் ஒன்பது அகவை வரையுள்ள சிறுவரிடம் பல அளவுள்ள கனசதுரங்களைக் கொடுத்து நோக்கினர். சிறுவர் ஒரு கையை விட்டு இரு கைக்கு மாறும் இடம், கட்டையின் அளவால் மட்டும் முடியவில்லை. கட்டையின் அளவு அவரவர் கையளவோடு கொண்ட விகிதத்தால் முடிந்தது. சிறுகையர் முன்னரும் பெருங்கையர் பின்னரும் மாறினர்; விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், முதலில் எடுத்த முறையே சற்று நீடிக்கும் இயல்புடையது என்பதனையும் காட்டின. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்வோர் ஒரு கையையும், பெரியதிலிருந்து சிறியதற்கு வருவோர் இரு கையையும் எளிதில் விடுவதில்லை.

அளவு, எடை, பிடிப்பதற்குக் காது உண்டா இல்லையா, உள்ளே இருப்பது சிந்துவதா சிந்தாததா, செல்ல வேண்டிய தொலைவு எவ்வளவு என்னும் இவையெல்லாம் அறிவின் தலையீடு இன்றியே கையை ஏவுகின்றன. ஆயினும் இவை மட்டுமே காரணமாயின் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிற் சுற்றாலையின் தூண்களில் நிற்கும் பாவை விளக்குகளுக்கு நாம் விளக்கம் கூற இயலாது. அப்பாவைகள் ஏந்தி நிற்கும் அகல் ஒரு குழந்தையின் கையும் தாங்கக்கூடியது. எனினும் சிற்பி அதனை இரு கையிலும் ஏந்தச் செய்தான். பெரியோரிடமிருந்து வெற்றிலை வாங்குவோனும் திருநீறு பெறுவோனும் வலக்கைக்கு அடியில் இடக்கையை வைப்பதும் இக்காரணத்தாலேயே. எடை கூறும் கணக்கு ஒன்று. மரபு கூறும் கணக்கு மற்றொன்று. மரபு கூறும் கணக்கை மனிதன் தானே விரும்பி ஏற்கும்போது அதற்குப் பணிவு என்றும் பத்தி என்றும் பெயர். பிறர் வலிந்து ஏற்றும்போது அதற்குப் பெயர் வேறு.

தமிழ்மொழி இவ்வேறுபாடுகளை நுட்பமாகவே பதிந்து வைத்திருக்கின்றது. கிள்ளுதல் ஒருகை வினை. அள்ளுதல் பெரும்பாலும் இருகை வினை. அதனாலன்றோ ஈகையின் சிறுமையைக் கிள்ளிக் கொடுத்தல் என்றும் பெருமையை அள்ளிக் கொடுத்தல் என்றும் வழங்குகின்றோம். ஏந்துதல் கீழிருந்து தாங்குதல். இடுக்குதல் உடலோடு சேர்த்து அணைத்தல். சுமத்தல் கையை விடுத்து உடலின்மேல் ஏற்றுதல். அறுவடையில் அரிவாள் வலக்கையில் இருக்க இடக்கை பற்றி அரிந்து வைக்கும் கதிர்த்தொகுதிக்கு அரி என்று பெயர். அரிகள் பல சேர்ந்தது தலைக்குரிய கட்டு. ஆக, ஒன்று கையின் அளவு. மற்றொன்று தலையின் அளவு. சுமை தூக்கும்போது அயலாரை அழைப்பவர் ‘ஒரு கை கொடு’ என்பார். வந்து உதவுவன இரு கைகள் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, இடுப்பைக் குறிக்கும் சொற்களுள் ஒக்கல் என்பது இங்கு நமக்கு வேண்டுவது. ஒக்கலை என்றும் வழங்கும் இச்சொல், குழந்தையையும் குடத்தையும் வைத்துக்கொள்ளும் இடுப்பின் பக்கத்தைக் குறிக்கும். மலையாளத்திலும் ஒக்கத்து வைத்தல் என்னும் வழக்கு உண்டு. ஒக்கல் என்பதற்குச் சுற்றம் என்றும் பொருள் உண்டு. திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் அப்பொருளிலேயே அதனை ஆண்டார். இரு பொருளும் ஒரு வேரினவா என்பதனை மொழிநூலார் ஆராயட்டும். எவ்வாறாயினும், ஒக்கலில் இடம்பெறுவது அணைத்துக்கொள்ளப்படுவது என்பதும், தலையில் இடம்பெறுவது ஏற்றப்படுவது என்பதும் வழக்கால் தெளிவாகின்றன. குழந்தையைத் தலையில் வைப்பார் இலர். விறகை ஒக்கலில் வைப்பார் இலர். இரண்டு இடத்துக்கும் பொருந்தி வருவது குடம் ஒன்றே.

குடத்தின் வடிவத்தை நோக்குக. அதற்குக் காது இல்லை, கைப்பிடி இல்லை. உருண்ட வயிறும் குறுகிய கழுத்தும் வெளிப்புறம் மடிந்த விளிம்பும் உண்டு. வயிறு இடுப்பெலும்பின்மேல் அமரும். வளைத்த கை கழுத்தைச் சுற்றி வரும். விரல்கள் விளிம்பைப் பற்றும். கிணற்றில் நீர் முகக்கும் பெண் பனையோலைப் பட்டையை இரு கையும் மாறி மாறி இழுத்து மேலேற்றுவாள். நிறைந்த குடத்தை இரு கையாலும் தூக்கி, முழங்கால்மேல் ஒரு கணம் நிறுத்தி, அங்கிருந்து ஒக்கலுக்குத் தள்ளுவாள். அந்த நொடியில் ஒரு கை விடுதலை பெறுகின்றது. பன்னிரண்டு படி பிடிக்கும் குடமாயினும் துணைக்கு ஆள் வேண்டுவதில்லை. தானே எடுத்துத் தானே இறக்கலாம். விடுதலை பெற்ற கையால் வாயிற்கதவைத் திறக்கலாம்; உடன்வரும் குழந்தையைப் பற்றலாம்; நெற்றி வியர்வையைத் துடைக்கலாம்; ஆடையைத் திருத்தலாம்.

தலைக்கு ஏற்றுவது வேறு வினை. சும்மாடு கட்ட வேண்டும். குடத்தை மார்பளவுக்கும் அதன்பின் தலைக்கு மேலும் இரு கையாலும் உயர்த்த வேண்டும். நீர் நிறைந்த பெருங்குடத்தைத் தனியொருத்தி அவ்வாறு உயர்த்துதல் அரிது. ஏற்றிவிட ஒருத்தியும் இறக்கிவிட ஒருத்தியும் வேண்டும். வரப்பிலும் ஏற்ற இறக்கமான பாதையிலும் குளப்படியிலும் உயர்த்திய கை கீழே வருவதில்லை.

தலைச்சுமை தன்னளவில் இழிந்த முறை என்று நான் கூறவில்லை. பழகியவர்க்கு அதுவே எளிய முறையுமாகும். கிழக்கு ஆப்பிரிக்காவின் லூவோ, கிகூயு இனப் பெண்டிரை ஆராய்ந்த மலோயி, எக்லண்டு முதலியோர் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, அவர்கள் தம் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையுள்ள சுமையைத் தலையால் தாங்கி நடக்கும்போது வெறுங்கையோடு நடப்பதினும் மிகுதியான ஆற்றலைச் செலவிடுவதில்லை என்று காட்டியது. நம் நாட்டுக் கடற்கரையூர்களில் மீன்கடவம் சுமக்கும் பெண்டிரைக் கண்டோர் இதனை வியப்பின்றி ஏற்பர். சமநிலத்தில் கை தொடாமலே நடக்க வல்லோரும் உளர். நெடுந்தொலைவுக்குத் தலையும், கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள குறுந்தொலைவுக்கு ஒக்கலும் என்று பெண்டிர் தாமே வகுத்துக்கொண்ட முறை தமிழகமெங்கும் உண்டு. ஆகவே தென் திருவிதாங்கூரில் பறிக்கப்பட்டது இடுப்பு மட்டும் அன்று. எங்கு எதனைக் கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையும் ஆம்.

சுமப்பவன் தன் சுமைமுறையைத் தானே தேரும் நிலையைச் சங்கப் புலவர் நன்கு காட்டியுள்ளனர். பாணரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளைப் பையிலிட்டுக் கா எனப்படும் காவடித் தண்டின் இரு தலையிலும் தூக்கித் தோளில் வைத்துச் சென்றனர். தோளில் நிற்கும் தண்டைத் தாங்க ஒரு கை போதும். மற்றொரு கை கோலூன்றவும் வழி விலக்கவும் உதவும். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ஔவையார் வாயில்காவலனை விளித்து, எத்திசை சென்றாலும் சோறு உண்டு என்று கூறிக் கலப்பையைக் காவிற் கட்டிப் புறப்பட்ட செய்தி புறநானூற்றில் உள்ளது. அச்சுமை அவருடையது, அது செல்லும் திசையும் அவருடையது.

ஊழியச் சுமை இதற்கு முற்றிலும் மாறானது. திருவிதாங்கூரில் ஊழியம் என்னும் கூலியற்ற கட்டாய வேலையில் அரசுக்கும் கோயிலுக்கும் உரிய பண்டங்களைச் சுமந்து செல்லுதல் பெரும்பகுதியாக இருந்தது. எப்பொருள், எவ்வளவு, எத்திசை என்பவற்றுள் ஒன்றும் சுமப்பவன் முடிவன்று. மாவட்டத்தின் பழைய வழிகளில் இன்றும் காணப்படும் சுமைதாங்கிக் கற்கள் அக்காலப் போக்குவரத்தின் எச்சங்கள். இரு தூண்களை நட்டு, குறுக்கே ஒரு பாவுகல்லை இட்டு அமைத்தவை இவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்டிர் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. வயிற்றுச் சுமையை இறக்காமல் மாண்டவள் பொருட்டு வழிப்போக்கர் சுமையை இறக்க உதவுதல் அறம் என்று கொண்டனர். இக்கற்களின் உயரம் நின்றபடியே தலைச்சுமையை நகர்த்தி வைக்கத் தக்கதாக இருத்தலைக் காணலாம். தரையில் இறக்கினால் மீண்டும் ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். கல்லின்மேல் இறக்கினால் வேண்டா. வழியில் ஆள் இல்லாதபோது ‘ஒரு கை’ கொடுக்கும் அயலாராகவே அக்கல் நிற்கின்றது. தலைச்சுமைக்கே அது வேண்டும். ஒக்கற்குடத்துக்குச் சுமைதாங்கி வேண்டுவதில்லை.

இனித் தடையின் உட்பொருளுக்கு வருவோம். தோள்சீலை என்பது தைத்த ஆடையன்று. நாயர் முதலிய மேற்சாதிப் பெண்டிர் மார்பின்மேல் இட்டுத் தோளில் சார்த்திய தளர்ந்த துணி அது. அதனைக் கட்டுவதில்லை, சார்த்துவதே முறை. அதனால் நடக்கும்போதும் குனியும்போதும் நழுவும். நழுவியதைத் திருத்த ஒரு கை வேண்டும். அதன் சமூகப் பயனும் கையையே சார்ந்திருந்தது. அம்மேற்சாதிப் பெண்டிரும் தம்மினும் மேலோர் முன்னரும் தெய்வத்தின் முன்னரும் அச்சீலையை நீக்குதல் மரியாதையாகக் கருதப்பட்டது. அணிந்தவளின் கை வேண்டும்போது இடவும் வேண்டும்போது நீக்கவும் வல்லதாயிருந்தது என்பதே அதன் சிறப்பு. சீலை ஒரு துணி என்பதினும் ஒரு கைவினை என்பதே பொருந்தும்.

இப்போது தலைக்குடத்தைச் சுமந்து வரும் பெண்ணை எண்ணிப் பார்க்க. அவள் இரு கையும் மேலே உயர்ந்திருக்கின்றன. தோளில் சீலை இருப்பினும் நழுவினால் திருத்தக் கையில்லை. தலைக்குடத்தோடு தோள்சீலை நில்லாது. மறுதலையாக, ஒக்கற்குடத்தோடு வருபவளின் ஒரு கை குடத்தை வளைத்திருக்க, மற்றொரு கை சீலையைக் காக்க ஒழிந்திருக்கின்றது. எனவே இடுப்பில் குடம் வைக்கலாகாது என்ற தடையும் மார்பை மறைக்கலாகாது என்ற தடையும் பட்டியலில் தற்செயலாக அடுத்தடுத்து நிற்பவை அல்ல. ஒன்று மற்றொன்றைக் காப்பது. சீலையைப் பறிப்பதற்கு ஊர்க்காவலரும் ஆணையும் அடியாட்களும் வேண்டும். கையைப் பறித்துவிட்டாலோ சீலை தானே நில்லாது போம்.

குடைத் தடையும் இவ்வாறே. குடை ஒருகைப் பொருள். வேறு வேலைக்குக் கையை ஒழித்து வைக்கத்தக்கவன் பிடிப்பது. ‘கைகட்டி வாய்பொத்தி’ என்னும் தொடரை நாம் இன்று உவமையாகவே வழங்குகின்றோம். அக்காலத்தில் அது மேலோர் முன் கைகள் நிற்க வேண்டிய முறையை அவ்வாறே சொன்ன தொடர். மேலோன் முன் கையொன்று ஒழிந்திருந்தால் அது வாயைப் பொத்த வேண்டும். புலையர் முதலியோர் நிலை இதனினும் கொடிது. அவர் கைப்பட்ட பொருள் நேரே பிறர் கைக்குச் செல்லாது; காசைத் தரையில் வைத்து விலகி நிற்க, கொடுப்பவன் பண்டத்தைத் தரையில் வைத்து அகல, அதன்பின் சென்று எடுக்க வேண்டும். ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பெயரும் எளிய செயலையும் நிலத்தின் வழியாகவே நிகழ்த்த வேண்டியிருந்தது.

இக்கருத்தைக் கொண்டு அரசாணைகளை மீண்டும் படித்தால், இதுகாறும் விளங்காதிருந்த ஒரு செய்தி விளங்கும். ரெசிடெண்டும் திவானுமாயிருந்த கர்னல் மன்றோ 1812ஆம் ஆண்டில், கிறித்தவராகிய பெண்டிர் பிற நாட்டுக் கிறித்தவரைப் போல உடலை மறைத்துக்கொள்ளலாம் என ஆணையிட்டார். மேற்சாதியார் எதிர்த்தனர். 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான சுற்றறிக்கை, சுரியானிக் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயம் அணியலாம், நாயர் பெண்டிரைப் போலத் தோள்சீலை இடலாகாது என்று வரையறுத்தது. 1822ஆம் ஆண்டில் கல்குளம், இரணியல் பகுதிகளில் சீலையணிந்த பெண்டிர் தாக்கப்பட்டனர். 1823ஆம் ஆண்டில் பத்மநாபபுரம் நீதிமன்றம் அப்பெண்டிர் பக்கமாகத் தீர்ப்பு வழங்கியது. 1827ஆம் ஆண்டு முதல் மீண்டும் கலகம் மூண்டது, 1829ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரசு அறிக்கை தோள்சீலையை மறுத்தது, ஊழியத்தையும் வலியுறுத்தியது. உடையும் சுமையும் ஓரறிக்கையில் இணைந்து நிற்றல் நோக்கத்தக்கது.

மானத்தை மறைப்பதே வழக்கின் பொருளாயின், குப்பாயம் தோள்சீலையினும் நன்றாக மறைக்கும். மறைத்தலைக் கண்டு அரசு அஞ்சியிருப்பின் குப்பாயத்தையன்றோ முதலில் தடுத்திருத்தல் வேண்டும்? அதனை அனுமதித்து, குறைவாக மறைக்கும் சீலையைத் தடுத்தது ஏன்? சாதி அடையாளம் காக்கவே என்பது வரலாற்றாசிரியர் கூறும் விடை. அது சரியே. ஆயின் அவ்வடையாளம் துணியில் மட்டும் இல்லை. குப்பாயம் தைத்தது, நழுவாது, அதனைக் காக்கக் கை வேண்டுவதில்லை, மேலோர் முன் கையெடுத்து நீக்கவும் இயலாது. குப்பாயம் அணிந்தவள் இரு கையையும் உயர்த்தித் தலைச்சுமை ஏற்றலாம். ஆகவே அவ்வுடை ஊழியத்துக்கும் தலைக்குடத்துக்கும் ஊறு செய்வதன்று. சீலையோ, தன்னை அணிந்தவளுக்கு ஒரு கை எப்போதும் ஒழிந்திருத்தல் வேண்டும் என்று கேட்கின்றது. அந்தக் கோரிக்கையையே அரசும் மேற்சாதியாரும் பொறுக்கவில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். இடுப்பென்னும் உறுப்பே மேன்மைக்குரியதென்றும் அதனாலேயே தடுத்தனர் என்றும் கூறின் என்னை எனின், அது பொருந்தாது. அதே சமூகத்து ஆடவர் தம் தொழிற்கருவிகளையெல்லாம் இடுப்பிலேயே கொண்டனர். பனையேறி ஒருவன் மரத்தில் ஏறும்போது காலில் திளாப்பும், இடுப்பில் அரிவாள்பெட்டியும் அக்கானி வடித்து இறக்கும் குடுவையும் இருக்கும். இரு கையும் மரத்தைத் தழுவ வேண்டியிருத்தலின் வேறு எங்கும் அவற்றை வைக்க இயலாது. நாளொன்றுக்குப் பல மரங்களில், காலையும் மாலையும், அவன் இடுப்புச் சுமையோடு ஏறி இறங்கினான். அதனை எவரும் தடுக்கவில்லை. அவன் இடுப்பில் சுமந்தபோது இரு கையும் வேலையில் இருந்தன. அவன் மனைவி இடுப்பில் சுமந்தால் ஒரு கை ஓய்ந்திருக்கும். ஒரே குடிலில் கணவனுக்கு இயல்பானது மனைவிக்குக் குற்றமான விந்தைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கையை மீட்கும் முயற்சிகள் ஒரு திசையினின்று மட்டும் வரவில்லை. நாகர்கோவிலில் லண்டன் மிசனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்குப் பின்னற்சரிகை வேலை கற்பித்தார். திண்டின்மேல் நூற்கட்டைகளை இரு கையாலும் மாற்றி மாற்றிக் கோக்கும் அவ்வேலையில் கிடைத்த வருவாயால் அடிமைச் சிறுமியர் சிலர் விலை கொடுத்து மீட்கப்பட்டனர். இரு கையும் உழைத்தன. ஆனால் உழைத்தவள் மடியில் வைத்து உழைத்தாள், தலையில் வைத்தன்று. சாமித்தோப்பில் வைகுண்ட சுவாமிகள் (1809–1851) எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்க முந்திரிக்கிணறு கண்டார். வழிபாட்டில் ஆடவர் தலைப்பாகை கட்டவேண்டும் என்றார். அம்மரபு இன்றும் தொடர்கின்றது. தலையிற் கட்டும் துணி ஒன்றே. சுருட்டி வைத்தால் சும்மாடு. சுற்றிக் கட்டினால் தலைப்பாகை. அதன்மேல் ஒன்றும் ஏற்றப்படாதபோதே அது தலைப்பாகையாகின்றது. ஏற்றுவதற்குரிய தலையைக் கட்டுவதற்குரிய தலையாக்கியவர் அவர். கிணறும் தலைப்பாகையும் அவர் கண்ட நெறியில் ஒருங்கே அமைந்ததை ஆராய்ச்சியாளர் தனித்தனியாகவே நோக்கி வந்துள்ளனர்; நீரெடுக்கும் முறையும் சுமக்கும் முறையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் எனக் கொண்டால் இணைப்பு விளங்கும்.

1855ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மூன்றாம் முறை மூண்டு, 1859ஆம் ஆண்டு சனவரியில் நாகர்கோவிலில் முற்றியது. சென்னை ஆளுநர் சார்லசு டிரவெலியன் தலையிட்டபின், தி. மாதவராவ் திவானாயிருந்தபோது, 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அரசு அறிக்கை வெளியாயிற்று. இவ்வறிக்கையை வெற்றியின் ஆவணமாகக் கொள்ளுதல் மரபு. அதன் வாசகத்தின் கருத்தைக் கூர்ந்து நோக்குக. எச்சமயத்தைச் சார்ந்த சாணார்ப் பெண்டிரும் கிறித்தவப் பெண்டிரைப் போலக் குப்பாயம் அணியலாம். அல்லது முக்குவப் பெண்டிரைப் போல முரட்டுத் துணியை உடலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். மேற்சாதிப் பெண்டிர் முறையில் மட்டும் கூடாது.

எடுத்துக்காட்டாக முக்குவப் பெண்டிரை அரசு தேர்ந்ததன் காரணத்தை இதுவரை எவரும் வினவியதாகத் தெரியவில்லை. தாழ்ந்த நிலையினர் என்று அரசு கருதியது என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. கடற்கரையினின்று உள்நாட்டுச் சந்தைகளுக்கு மீன்கடவத்தைத் தலையிற் சுமப்போர் அவர்கள். அவர்கள் ஆடை சார்த்தியதன்று, சுற்றிக் கட்டியது, கையின் துணையின்றி நிற்பது, தலைச்சுமைக்கென்றே அமைந்தது. மார்பு மறைந்தால் மறையட்டும், கை மட்டும் ஒழியலாகாது என்பதே 1859ஆம் ஆண்டு அறிக்கையின் உள்ளக்கிடக்கை என்று கொள்வதற்கு இவ்வெடுத்துக்காட்டு சான்றாகின்றது. பெண்டிர் அவ்வெல்லைக்குள் நிற்கவில்லை. அவ்வாண்டுக்குப்பின் தோள்சீலையும் படிப்படியாகப் பொதுவாயிற்று.

குடத்தைப் பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. சீலைக்கு வழக்கும் தீர்ப்பும் அறிக்கையும் எழுந்தன. குடத்துக்கு இவற்றுள் ஒன்றும் எழவில்லை. ஒரு நாள் ஒருத்தி அதனைத் தலையினின்று இறக்கி ஒக்கலில் வைத்திருக்க வேண்டும். மறுநாள் மற்றொருத்தி வைத்திருக்க வேண்டும். மண்குடம் போய்ப் பித்தளை வந்தது. பித்தளை போய் எவர்சில்வரும் அதன்பின் பிளாசுடிக்கும் வந்தன. வடிவம் மட்டும் மாறவில்லை, காதில்லாத கழுத்தும் மடிந்த விளிம்பும் அவ்வாறே உள்ளன. அகத்தீசுவரம் வட்டத்துச் சிற்றூர்க் குழாயடியில் மாலைப்பொழுதில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், ஒருத்தி இடுப்பில் குடத்தைச் சரித்து, ஒழிந்த கையில் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு, வழியில் நின்று பேசிச் செல்வதைக் காணலாம்.